கேள்வி பதில்: கிளைடர் பக்கம் பிள்ளைகளை வரவழைப்பது எப்படி?

போன இதழில் ஒருவர் "என்ஜின் இல்லாமல் விமானம் பறக்குமா?" என்று கேட்டிருந்தார், பறக்கும், அதற்குக் கிளைடர் என்று பெயர் என நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அதிலும் பாதிக்கு மேல் கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்தே. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் கிளைடிங்குக்குத்தான். எழுதியவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருப்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பிளஸ் டூ மாணவர், நெல்லிக்குப்பம்: என்ஜின் இல்லை என்றால் அது எப்படி சார் மேலே ஏறுகிறது? கீழே விழுந்துவிடாதா?

கீழேதான் தம்பி வந்துகொண்டே இருக்கும், ஆனால் ரொம்ப மெதுவாக. பயிற்சிக்கு வைத்திருக்கும் இரட்டை இருக்கை கிளைடர் ஒன்று 1 மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய 30 மீட்டர் முன்னால் போய்விடும். போட்டிகளுக்கென்று செய்யும் நீளச் சிறகு கிளைடர்கள் 50 மீட்டருக்கு மேலும் போகும். உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், புதுச்சேரிக்கு நேர் மேலே 1 கிலோமீட்டர் உயரத்தில் அந்தப் பயிற்சிக் கிளைடரை விட்டால், காற்று அசையாத நாளில் அது கடலூர் வரை வந்துவிடும், வந்த பிறகும் தரையிறங்க இடம் பார்க்கிற அளவுக்கு உயரம் கையில் மிச்சமிருக்கும்.

முதலில் மேலே கொண்டுபோக இரண்டு வழி. ஒன்று, என்ஜின் உள்ள சின்ன விமானம் கயிறு கட்டி இழுத்துப் போவது. இன்னொன்று வின்ச். ஓடுதளத்தின் மறுமுனையில் ஒரு பெரிய என்ஜினும் உருளையும் இருக்கும், அதிலிருந்து 1 கிலோமீட்டர் போல நீளமுள்ள வடத்தைக் கொண்டுவந்து கிளைடரில் மாட்டுவார்கள், உருளை சுற்ற ஆரம்பித்ததும் சில விநாடியிலேயே சக்கரம் தரையை விட்டுவிடும். ஒரு நிமிடத்துக்குள் 300, 400 மீட்டர் உயரம். மேலே போனதும் விமானி மஞ்சள் நிறக் குமிழை இழுப்பார், வடம் கழன்று விழும், அப்புறம் காற்றுச் சத்தம் மட்டும்தான்.

அதற்கு மேல் ஏறுவது காற்றின் தயவு. வெயிலில் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று எழும்பும், தெர்மல் என்பார்கள். அது விநாடிக்கு 2 மீட்டர் ஏறுகிறது, கிளைடர் அதற்குள் விநாடிக்கு 1 மீட்டர் இறங்குகிறது என்றால் நிகரமாக 1 மீட்டர் லாபம். அந்தக் காற்றை விட்டு வெளியே போகாமல் வட்டமடித்துக்கொண்டே இருந்தால் உயரம் கூடிக்கொண்டே போகும், பருந்து செய்வதும் இதேதான். மலைத்தொடரைக் கடக்கும் காற்றில் உண்டாகும் அலைகளைப் பிடித்து 2003-ல் கிளாஸ் ஓல்மன் என்ற ஜெர்மானியர் அர்ஜென்டினாவில் ஆண்டிஸ் மலையை ஒட்டி ஒரே நாளில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்தார். 2018 செப்டம்பரில் பெர்லன் 2 என்ற கிளைடர் அதே நாட்டில் 76,000 அடியைத் தாண்டியது. பயணிகள் விமானம் போகும் உயரத்தைப்போல இரு மடங்கு.

ஓய்வு பெற்றவர், முத்தியால்பேட்டை: வடக்கே வேலை பார்த்த காலத்தில் கிளைடிங் கிளப்பில் ரோகிணி கிளைடரில் பறந்தவன் நான். பழைய நண்பர்களிடம் பேசினால் ஒரே புலம்பல், களத்தில் நிற்பதெல்லாம் நரைத்த தலைகள்தான், இளைஞர்கள் ஒரு தரம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வருவதில்லை. இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லையா?

ரோகிணி என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது ஐயா. நம் நாட்டு சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ்.ராமாமிர்தம் வடிவமைத்து 1961-ல் முதலில் பறந்த கிளைடர் அது, ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற மாதிரி. அந்த மையத்திலிருந்து அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என்று முதல் ஆறு நட்சத்திரங்களின் பெயரிலும் கிளைடர்கள் வந்தன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கிளைடிங் என்றாலே வெளிநாட்டுப் பணக்காரர்கள் விளையாட்டு என்றுதான் நினைக்கிறார்கள்.

ஆனால் பொறுமை இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து கோச்சிங் போய், பள்ளி முடிந்து மறுபடியும் கோச்சிங் போகிற பிள்ளைகள் இவர்கள். உச்சி வெயிலில் நாள் முழுக்க கிரிக்கெட் ஆடுகிறார்கள், தங்கள் பேட்டிங் வருவதற்காக மணிக்கணக்கில் காத்துக்கொண்டும் இருக்கிறார்கள். காத்திருப்பது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. தனக்கு வேலையே இல்லாத இடத்தில், தன்னை யாரென்றே கேட்காத பெரியவர்கள் நடுவில் காத்திருக்கத்தான் முடியவில்லை. நமக்கும் முடியாது.

ஒரு பதினேழு வயதுப் பையன் முதல் தடவை கிளைடிங் களத்துக்கு வருகிறான் என்று வையுங்கள். காலை எட்டு மணிக்கு வருகிறான். பெயர் எழுதிக்கொள்கிறார்கள், மரத்தடியில் உட்காரச் சொல்கிறார்கள். பெரியவர்கள் அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், பாதி பேச்சு அவனுக்குப் புரியாது. இரண்டு மணிக்கு அவனைக் கூப்பிட்டு, பெல்ட் மாட்டி, "எதையும் தொடாதே" என்று சொல்லி மேலே கொண்டுபோகிறார்கள். வின்சில் ஏறினால், தெர்மல் கிடைக்காத நாளில், ஐந்தாறு நிமிடத்தில் தரைக்கு வந்துவிடலாம். இறங்கியதும் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான். அவன் அனுபவித்தது ராட்டினம் மாதிரி ஒன்றுதான், ராட்டினத்தில் ஏறினவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஏற வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

அதே பையன் வந்த அரை மணி நேரத்தில் அவன் கையில் சிறகு நுனியைக் கொடுங்கள். கிளைடருக்குச் சக்கரம் நடுவில் ஒன்றுதான், நிற்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் கிடக்கும், ஒருவர் சிறகு நுனியைப் பிடித்துச் சமமாக வைத்துக்கொண்டு கூடவே சில அடி ஓடினால்தான் கிளம்பவே முடியும். அவன் பிடிக்காவிட்டால் விமானம் போகாது, இதை அவனும் உணருவான். அப்புறம் புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம் எழுதும் நோட்டு, வடத்தை மாட்டக் கற்றுக்கொள்வது, இறங்கிய கிளைடரைத் தள்ளிக்கொண்டு வருவது, பதினெட்டு முடிந்து லைசென்ஸ் இருந்தால் வடத்தை இழுத்துவரும் வண்டி. மதியம் அவன் முறை வரும்போது அவன் அந்தக் குழுவில் ஒருவனாக இருப்பான்.

மேலே போனதும் அவன் கையில் கண்ட்ரோலைக் கொடுக்க வேண்டும், முதல் நாளே. பயப்பட ஒன்றுமில்லை, ஆசிரியர் பக்கமும் அதே கண்ட்ரோல் இருக்கிறது. விமானியின் கண்ணுக்கு நேரே, கண்ணாடிக் கூண்டின் வெளிப்புறத்தில், ஒரு துண்டுக் கம்பளி நூல் ஒட்டியிருப்பார்கள். லட்சக்கணக்கில் விலை போகும் கிளைடரிலும் அந்த நூல் இருக்கும். நூல் நேராகக் கிடந்தால் விமானம் காற்றை நேராக வெட்டிப் போகிறது, ஒரு பக்கம் ஒதுங்கினால் வழுக்குகிறது, வாலில் இருக்கும் ரட்டர் என்ற திருப்பும் பலகையைக் காலால் மிதியை அழுத்தி அசைத்துத் திருத்த வேண்டும். "தம்பி, ரெண்டு நிமிஷம் அந்த நூலை நேராக வைத்துக்கொள், பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். கீழே இறங்கியதும் அவன் போட்டோவைப் பற்றிப் பேச மாட்டான், நூலைப் பற்றித்தான் பேசுவான். அடுத்த வாரமும் வருவான்.

இந்த விளையாட்டை ஆரம்பித்ததே இளைஞர்கள்தான் ஐயா. 1911-லேயே ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்துப் பள்ளி மாணவர்கள் தாங்களே கட்டிய கிளைடர்களை எடுத்துக்கொண்டு வாசர்குப்பே என்ற மலைக்குப் போய்ப் பறந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த நாட்டில் என்ஜின் விமானங்களுக்குக் கடும் தடை வந்தபோது, 1920-ல் அதே மலையில் கிளைடர் போட்டி நடத்தியதில் கல்லூரி மாணவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போதும் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் பதினாலு வயதுப் பிள்ளை ஆசிரியர் இல்லாமல் தனியாகக் கிளைடர் ஓட்டலாம். பதினாலு வயதில் ஒரு பிள்ளையை நம்பி முழு விமானத்தைக் கொடுக்கிற விளையாட்டு வேறு எது இருக்கிறது? அந்த நம்பிக்கையைத்தான் முன்னால் வைத்து அழைக்க வேண்டும், ரீல்ஸில் போடும் மேகக் காட்சி முதல் நாள் வரைக்கும்தான் ஆளைக் கூட்டிவரும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒரே ஒரு பையனையோ பெண்ணையோ சேர்க்காதீர்கள், ஒத்த வயதில் மூன்று நாலு பேராகச் சேருங்கள், ஒருத்தர் வராவிட்டால் இன்னொருத்தர் போன் போட்டுக் கூப்பிடுவார். அடுத்தது, தனியாகப் பறந்து முடித்ததும் "இனி என்ன?" என்ற கேள்வி வருகிறது, நிறையப் பேர் விட்டுவிட்டுப் போவதே அந்த இடத்தில்தான். உலக அளவில் வெள்ளி பேட்ஜ் என்று ஒன்று இருக்கிறது: 5 மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும், 1,000 மீட்டர் உயரம் சம்பாதிக்க வேண்டும், 50 கிலோமீட்டர் தூரம் போக வேண்டும். அதற்குப் பிறகு தங்கம், 300 கிலோமீட்டரும் 3,000 மீட்டரும். அப்புறம் வைரம். இளையோருக்கென்றே தனி உலகப் போட்டியும் நடக்கிறது. முதல் சோலோ முடித்த அன்றே அடுத்த படி எது, யார் கூட வருவார், எந்த மாதத்தில் முயற்சி செய்யலாம் என்று பேசி வைத்துவிடுங்கள். பணம் பற்றாத பிள்ளை களத்தில் வேலை பார்த்த நேரத்தைக் கணக்கு வைத்து அதற்கு ஈடாகப் பறக்க விடுங்கள், வசதியுள்ள மூத்தவர்கள் ஒரு நிதி போட்டால் முடியாத காரியம் இல்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பக்கத்துப் பள்ளி எதிலாவது போய் ஒரு மணி நேரம் ரோகிணி கதையைச் சொல்லுங்கள்.

கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை: எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ஏர்போர்ட் தெரியும். கிளைடிங் கற்றுக்கொள்ள ஆசை. இங்கிருந்தே எங்கே ஆரம்பிப்பது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கடலூரிலும் புதுச்சேரியிலும் கிளைடர் களம் கிடையாது. நெய்வேலியில் விமான தளம் இருக்கிறது, உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பழைய ஓடுதளம் இருக்கிறது, என்றாவது ஒரு நாள் அங்கே வின்ச் வரலாம் என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

புனே ஹடப்சரில் அரசு தொடங்கிய கிளைடிங் சென்டர் பல ஆண்டு பழமையானது. கான்பூர் ஐஐடியிலும் சொந்த ஓடுதளமும் கிளைடர்களும் உண்டு. கிளம்புவதற்கு முன்னால் இப்போது சேர்க்கை உண்டா, கட்டணம் எவ்வளவு, தங்குமிடம் எப்படி என்று நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், யூடியூபில் யாரோ பழைய வீடியோவில் சொன்னதை நம்பி டிக்கெட் போட வேண்டாம். புதுச்சேரியிலிருந்து தாதர் போகும் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் புனே வழியாகத்தான் போகிறது, இரண்டு மூன்று தோழிகளாகச் சேர்ந்து விடுமுறையில் போவது நல்லது. சர்வதேச விதிப்படி கிளைடர் விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 16, அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். உங்கள் கல்லூரியில் என்சிசி ஏர் விங் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அங்கே இப்போது மைக்ரோலைட் என்ற, என்ஜின் உள்ள லேசான சின்ன விமானம்தான், இருந்தாலும் கண்ட்ரோல் பிடித்த அனுபவம் கிளைடருக்கு அப்படியே உதவும்.

அதற்கு முன்பே வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காண்டோர் என்ற கிளைடிங் சிமுலேட்டரை வெளிநாட்டுக் கிளப்கள் பயிற்சிக்கே பயன்படுத்துகின்றன. நல்ல கம்ப்யூட்டரும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் போதும். தெர்மலில் வட்டமடிப்பது, இறங்கும்போது எந்த உயரத்தில் எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் நன்றாகவே பிடிபடும். வயிற்றைப் பிசையும் அந்த உணர்வு மட்டும் நிஜ விமானத்தில்தான் வரும்.

அறிவியல் ஆசிரியை, பாகூர்: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? பள்ளியில் பணம் இல்லை.

முடியும் டீச்சர், இந்தக் கடிதங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். கையால் வீசும் கிளைடர் செய்ய வையுங்கள். மெல்லிய தெர்மாகோல் தட்டை சிறகுக்கும் வாலுக்கும், ஒரு மூங்கில் குச்சி உடம்புக்கு, மூக்கில் வைக்கக் கொஞ்சம் களிமண். சிறகை நடுவில் லேசாக மடித்து இரண்டு நுனியும் சற்று உயரும்படி ஒட்டச் சொல்லுங்கள், பக்கவாட்டில் கவிழாமல் இருக்க அது வேண்டும். பிறகு சிறகின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் கிளைடர் சமமாக நிற்க வேண்டும், அந்த அளவுக்குக் களிமண்ணைக் கூட்டிக் குறைக்கச் சொல்லுங்கள்.

பாடம் ஆரம்பிப்பது அதை வீசும்போதுதான். மூக்கைத் தூக்கி, நின்று, பொத்தென்று விழுந்தால் மூக்கில் பாரம் போதாது. நேராகத் தரையில் குத்தினால் பாரம் அதிகம். ஒரு பக்கமாக வளைந்தால் சிறகு முறுக்கியிருக்கிறது. நீங்கள் பதிலைச் சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், பின்னால் நிஜமான விமானத்தில் ஸ்டால் (மூக்கு அதிகம் தூக்கி, சிறகு தாங்கும் சக்தியை இழப்பது) என்று படிக்கும்போது களிமண் உருண்டைதான் அவர்களுக்கு நினைவு வரும். காலையில் ஒன்பது மணிக்கு முன்னால் மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள், கடற்காற்று கிளம்பிவிட்டால் இந்த லேசான சாமான் எதுவும் நிற்காது. தூரத்துக்குப் போட்டி வைப்பதைவிட எத்தனை விநாடி காற்றில் நின்றது என்று வையுங்கள், பலசாலிப் பையன்கள் மட்டுமே ஜெயிப்பது குறையும்.

ரிமோட்டில் ஓடும் மாடல் கிளைடருக்குப் போவதாக இருந்தால் டிரோன் விதிகள் வந்துவிடும், விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு அதிகம், டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அது.

ஒரு தாய், மஞ்சக்குப்பம்: என் மகன் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு கிளைடர், கிளைடர் என்கிறான். ஒரே பிள்ளை. பயமாக இருக்கிறது. இதனால் அவனுக்கு என்ன பிரயோஜனம்?

அம்மா, ஆபத்தே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். தரைக்குப் பக்கத்தில், வேகம் குறைந்த நிலையில், அவசரமாகத் திரும்பும்போது விபத்துகள் நடக்கின்றன. இழுக்கும் வடம் பாதியில் அறுந்துபோவதும் உண்டு. அதனால்தான் தனியாக விடுவதற்கு முன்னால் வடத்தை வேண்டுமென்றே பாதியில் கழற்றிவிட்டு, என்ன செய்கிறான் என்று ஆசிரியர் பக்கத்திலிருந்தே பார்ப்பார். அது மறுபடி மறுபடி சரியாக வந்தால்தான் தனியாக அனுப்புவார். என்ஜின் நின்றுவிடுமோ என்ற பயம் இதில் கிடையாது, முதலிலிருந்தே என்ஜின் இல்லாமல் இறங்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பிரயோஜனம் கேட்டீர்கள். 1983-ல் ஏர் கனடா போயிங் 767 ஒன்று அளவுக் கணக்கில் நேர்ந்த குழப்பத்தால் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். அவ்வளவு பெரிய விமானத்தைக் கிளைடரைப்போலப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்து, கிம்லி என்ற ஊரில் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். 2009-ல் நியூயார்க் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய சல்லன்பெர்கரும் கிளைடர் ஓட்டியவர்தான். உங்கள் மகன் விமானி ஆகாமலே போகலாம், அதனால் ஒன்றும் இல்லை. தன் முடிவுக்குத் தானே பொறுப்பு என்று பதினாறு, பதினேழு வயதில் அவனுக்குத் தெரிந்துவிடும், நான் பார்த்தவரை இது டியூஷனில் வருவதில்லை.

அவனைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் நீங்களும் கூடப் போங்கள். ஆசிரியருக்கு உரிமம் இருக்கிறதா, மருத்துவச் சான்று கேட்கிறார்களா, காப்பீடு உண்டா, காற்று சரியில்லாத நாளில் பறப்பதை நிறுத்துகிறார்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பெற்றோர் கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் சேர்க்காதீர்கள்.

மீனவர் வீட்டு இளைஞர், தேவனாம்பட்டினம்: எங்கள் சில்வர் பீச்சில் எப்போதும் காற்றுதான். அங்கேயே கிளைடர் விட முடியாதா அண்ணே?

காற்று இருக்கிறது, மேலே போகிற காற்று இல்லை தம்பி. பகலில் தரை சூடானதும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும், அது பரவிய இடத்தில் தெர்மல் அடங்கிவிடும். அதனால் கடற்கரையை ஒட்டி மத்தியானத்துக்கு மேல் கிளைடருக்கு ஆகாது. ஆனால் அந்தக் கடற்காற்று உள்நாட்டில் சூடான காற்றோடு மோதுகிற விளிம்பு ஒன்று இருக்கிறது, அங்கே காற்று மேலே தள்ளப்படும், சில நாளில் மேகங்கள் கோடு போட்டதுபோல வரிசையாக நிற்கும். கிளைடர்காரர்கள் அதைத் தேடித்தான் போவார்கள். மலைச்சரிவில் மோதி எழும்பும் காற்றிலும் பறக்கலாம், ஆனால் நம் கேப்பர் மலை அதற்குரிய உயரம் இல்லை.

காற்று எப்போது திரும்பும் என்று கடலைப் பார்த்தே சொல்கிற வீட்டில் பிறந்தவர் நீங்கள், கிளைடர் பழகப்போகிறவருக்கு அதைவிடப் பெரிய தொடக்கம் கிடையாது. துறைமுகத்துக்கு மேலே செம்பருந்து வட்டமடிப்பதைப் பார்த்து, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், இறக்கையை அடிக்காமல் மேலே போகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். எனக்கு அனுப்பினால் இந்தப் பகுதியில் போடுகிறேன்.

பத்தாம் வகுப்பு மாணவி, திருப்பாதிரிப்புலியூர்: நான் கண்ணாடி போட்டிருக்கிறேன். கிளைடர் ஓட்ட விடுவார்களா?

விடுவார்கள். கண்ணாடி போட்டபடி பார்வை உரிய அளவுக்குத் தெளிவாக இருந்தால் போதும், மருத்துவப் பரிசோதனையில் அதைத்தான் பார்ப்பார்கள். பறக்கும்போது இன்னொரு மாற்றுக் கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதே.